எதுவுமே இல்லாத நாள்

ஜெயித்த கதையை மேடையில் சொல்லப் பழக்கும் பயிற்சியாளர் கொடுத்த தாளில் ஏழு கட்டங்கள் இருந்தன. ஆறைத் தங்கை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டாள். மூன்றாவதில்தான் பேனா நின்றது. 'உங்களிடம் எதுவுமே இல்லாமல், யாருமே துணையில்லாமல் நின்ற நாள்.' அப்படி ஒரு நாள் அவள் வாழ்க்கையில் வந்ததே இல்லை. வராத நாளை எங்கே போய்த் தேடுவாள், பாவம்?

பழைய ஃபிரிட்ஜ்களுக்குக் கதவு ரப்பர் செய்து தருவது அவள் தொழில். கம்பெனி கைகழுவிய மாடலாக இருந்தாலும் சரி, கதவை நூலால் அளந்து அந்த நூலை அனுப்பினால் போதும், மூலைகளை ஒட்டுத் தெரியாமல் சேர்த்துக் கொடுப்பாள். அந்தக் கைப்பக்குவம் வர ஆறு வருடம் பிடித்தது. அதுவரை செய்ததில் பாதி குப்பைக்குத்தான் போனது. ஆறு வருடமும் வீடு, சாப்பாடு, பட்டறைக்குக் கரண்ட் எல்லாமே அக்கா பஸ் ஓட்டிய சம்பளத்தில் நடந்தன. எப்போது உருப்படப் போகிறாய் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

இதைச் சொன்னதும் பயிற்சியாளர் முகம் சுளித்தார்.

"அக்கா கதை எடுபடாது மேடம். ஜெயிச்சவங்க தனியா நின்னுதான் ஜெயிச்சாங்க. ஜனங்க அதைக் கேக்கத்தான் வர்றாங்க."

"நான் தனியா நிக்கலையே சார்."

"நின்ன மாதிரி சொல்லுங்க."

கட்டத்தை அவரே நிரப்பினார். 'வீட்டில் எல்லோரும் என்னைக் கைவிட்டார்கள்.' மனிதர் கொஞ்சமாவது கூச வேண்டுமே, இல்லை. கதையை மேடையில் நன்றாகச் சொல்பவருக்குத்தான் முதலீடு. அது கிடைத்தால் இன்னொரு மெஷின் வாங்கலாம், முதுகுவலியோடு அக்கா இரட்டை ஷிஃப்ட் பார்ப்பதையும் நிறுத்தலாம். தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள்.

"சொல்லிட்டுப் போயேன்டி, எனக்கென்ன குறைஞ்சிடப் போகுது" என்றாள் அக்கா. தாளை வாங்கிப் படித்துவிட்டு, "எல்லாரும்னா நானும்தானா?" என்று கேட்டாள்.

மேடையேறும் நாளன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்னால் பேசிய மூவரும் அநாதைகள்போலவே பேசிவிட்டு இறங்கினார்கள். அவர்களுடைய அப்பா அம்மாக்கள் கீழே உட்கார்ந்து கைதட்டினார்கள். அக்கா வேலையிலிருந்து நேராக யூனிஃபார்மோடு வந்து, இரண்டாவது வரிசையில் முதுகு நோக ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். தங்கை 'வீட்டில் எல்லோரும்' என்பதுவரை வந்துவிட்டாள். அங்கேயே நிறுத்தி, இரண்டாவது வரிசையைப் பார்த்தாள்.

"இது பொய்ங்க" என்றாள். "எதுவுமே இல்லாத நாளுன்னு எனக்கு ஒண்ணு இருந்ததே இல்ல. ஆறு வருஷம் நான் ரப்பரைப் பாழாக்கிட்டு இருந்தேன். அதோ, யூனிஃபார்ம்ல உக்காந்திருக்காளே எங்க அக்கா, அவ எனக்குச் சோறு போட்டா. நான் ஜெயிச்ச வழி அதுதான். ஏழு கட்டமெல்லாம் கிடையாது."

மேடை ஓரத்திலிருந்து பயிற்சியாளர் முடிக்கச் சொல்லிக் கையைக் கையை ஆட்டினார்.

"இருங்க சார், நான் இன்னும் முடிக்கல."

முதலீடு கைநழுவிப் போனது அவளுக்கும் தெரியும். போகட்டுமே.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். நாற்பது வயதிருக்கும், கையில் அதே ஏழு கட்டத் தாள்.

"நான் கடை வெச்சு ஒரே வருஷத்துல மூடிட்டேங்க. எனக்குத் தைரியம் பத்தலைன்னு போன வாரம் இந்த சார் சொன்னார். எனக்கு அக்கா, அண்ணன்னு யாரும் இல்ல. நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

தங்கை பயிற்சியாளரைப் பார்த்தாள். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்றாள். "எனக்கு ஆறு வருஷம் கிடைச்சுது, உங்களுக்கு ஒண்ணுதான் கிடைச்சுது. என் முதல் வருஷத்துல வந்து பாத்திருந்தா நானும் தோத்தவதான்."

எழுந்தவர் உட்காரவில்லை. தாளை நாலாக மடித்தார்.

"கடையை மூடினதுலேர்ந்து நாலு வருஷமா என்மேலயே கோவமா இருந்தேங்க" என்றார்.