கரைச்சல் இல்லாத செடிகள்

“ஒரு கரைச்சலும் இல்லாத செடி, ஜது. வெயில் கேக்காது, உரம் கேக்காது. நீ உன்ர பாட்டுக்கு இரு, அது தன்ர பாட்டுக்கு நிக்கும்.”

“ஒண்டும் கேக்காததை ஏன் வளர்ப்பான்?”

“காத்தைச் சுத்தமாக்குமாம். உன்ர தொய்வுக்கு நல்லது எண்டு சொல்லுறாங்கள்.”

“வெளி முத்தத்தில நாலு செவ்வரத்தைப் பூங்கண்டு நட்டாப் போச்சு.”

“நடு, நடு. ரோட்டில திரியிற ஊர் மானெல்லாம் உன்ர பேர் சொல்லிச் சாப்பிடும்.”

கந்தளாய் வீதியோரத்துப் பூங்கன்றுக் கடையில் நின்று லோஜன் அன்று பேசியதை ஜதுசா எத்தனையோ மத்தியானங்களில் மனதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். ஓட்டோ நிறையச் செடிகளோடு, மடியிலும் ஒன்றை வைத்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து வீட்டுக்கு வந்தார்கள். வாள் போல நிமிர்ந்து நிற்கும் பாம்புச்செடிகள், சுவரைப் பிடித்து ஏறும் மணிபிளான்ட், தடித்த இலைக் கற்றாழை. மூச்சு இழுக்கும் இரவுகளில் அவளுக்குக் காவலாக இருக்கட்டும் என்று கூடத்திலும் படுக்கையறையிலும் ஒவ்வொன்றாக அவனே இடம் பார்த்து வைத்தான். அடுத்த கிழமை மாலைதீவுக்குப் போய்விட்டான். தீவுக்குத் தீவு ஆட்களை ஏற்றி இறக்கும் படகில் அவனுக்கு எஞ்சின் வேலை.

போகும் அன்று அவனிடம் கேட்கவேண்டும் என்று அவள் ஒன்றை வைத்திருந்தாள். அவன் இங்கேயே நின்றுவிடவேண்டும், அவ்வளவுதான். அது தொண்டைவரை வந்தது. அவனை ஏற்ற வந்த வான் வாசலில் ஹோர்ன் அடித்ததும் அந்தச் சொல் திரும்பி உள்ளே போய்விட்டது. பிறகு வந்த ஒவ்வொரு லீவிலும் அப்படித்தான் நடந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருநாள் கூட்டாளி யாருடனோ அவன் போனில் கதைத்ததைக் குசினிக்குள் சமையலோடு நின்று கேட்டுவிட்டாள். “என்ர மனிசி ஒரு கரைச்சலும் தராது மச்சான். அதாலதான் நான் கடலில நிம்மதியா நிக்கிறன்.” கேட்டபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. கழுத்தில் நகை போட்டுவிட்டதுபோல இருந்தது. போட்ட நகையைப் பிறகு கழற்ற மனம் வரவில்லை.

இந்த முறை லீவில் வந்தவனுக்கு உள்ளூரிலேயே ஒரு வேலை கிடைக்கும்போல இருந்தது. கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் இழுவைப் படகொன்றில் எஞ்சின் பார்க்க ஆள் தேடினார்கள். சம்பளம் குறைவு. ஆனால் வேலை முடிய வீட்டுக்கு வரலாம். மாலைதீவு மனேச்சரோ, திரும்பி வருகிறாயா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லவேண்டும், மத்தியானம் எடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

“நீ என்ன சொல்லுறாய்?” பத்துமணித் தேத்தண்ணியோடு லோஜன் கேட்டான்.

“உங்கட விருப்பம்.”

“அங்க இன்னும் ரெண்டு வருசம் நிண்டா மேல்மாடியை முடிச்சுப்போடலாம். நீயும் ஆசைப்பட்டனீதானே?”

“ஓம்” என்றாள். ஒருகாலத்தில் ஆசைப்பட்டதும் உண்மைதான். இப்போது கீழே இருக்கிற அறைகளே அவளுக்கு அதிகம். பாலர் பாடசாலையில் பிள்ளைகளின் சத்தத்துக்குள் நின்றுவிட்டு மத்தியானம் வந்து கதவைத் திறந்தால், அத்தனை அறையும் ஒன்றாகச் சேர்ந்து அவளைப் பார்க்கும்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. டெங்குச் சோதனை. சுகாதாரப் பரிசோதகர் நிப்றாஸ் கையில் டோர்ச்சோடு முற்றத்தைச் சுற்றி வந்தார். பின்பக்கம், கிணற்றடி, தண்ணித்தாங்கி எல்லாம் பார்த்தார்.

“முத்தத்தில தண்ணி தேங்க ஒரு சிரட்டைகூட இல்லை, அக்கா. எல்லாரும் உங்களை மாதிரி வைச்சிருந்தா நான் வீட்டில படுக்கலாம்.”

ஜதுசா சிரித்தாள். “உள்ளயும் ஒருக்காப் பாப்பம்” என்று அவர் வந்து, பாம்புச்செடிச் சாடியின் கீழே இருந்த தட்டுக்கு டோர்ச்சை அடித்தார். குனிந்தவர் கொஞ்சநேரம் நிமிரவில்லை.

“அண்ணே, இஞ்ச வந்து பாருங்கோ.”

லோஜன் போய்ப் பார்த்தான். தட்டு நிறையத் தண்ணீர். அதற்குள் டெங்கு நுளம்பின் குடம்பிகள் சின்னப் புழுக்களாகத் துள்ளித் துள்ளி நெளிந்தன. அடுத்த தட்டிலும் அதுதான். படுக்கையறையில் கட்டிலுக்கு அருகே இருந்ததிலும் அதுதான்.

“முத்தத்தைத் துப்புரவா வைச்சுக்கொண்டு வீட்டுக்குள்ள நுளம்புப் பண்ணை நடத்துறீங்களே, அக்கா!”

“காத்துச் சுத்தமாக எண்டு வைச்சது, தம்பி” என்றாள் ஜதுசா. அவளுக்கு முகம் எரிந்தது.

“காத்து சுத்தமாத்தான் இருக்கும். மூக்கை நீட்டினா நுளம்புதான் போகும். இண்டைக்கே எல்லாத் தட்டையும் ஊத்தித் தேய்ச்சுக் கழுவிப்போடுங்கோ. நான் திரும்ப வருவன்.”

அவர் போனதும் லோஜன் சிரித்துக்கொண்டே சாடிகளைக் குசினி வாசலுக்குத் தூக்கி வந்தான். ஒரு பாம்புச்செடியைப் பிடித்து மெல்ல அசைத்தான். செடி வேரோடு வரவில்லை. இலை மட்டும் கையோடு வந்தது. அடி கறுத்துக் குழைந்து நாற்றமடித்தது. அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். எஞ்சினைப் பிரிக்கிற ஆளல்லவா, குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தான். கற்றாழையும் அழுகியிருந்தது. மணிபிளான்ட் மட்டும் ஒரு கொடியில் உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“எல்லாம் தண்ணி குடிச்சே செத்திருக்கு. மண் காஞ்சாப் பிறகு ஊத்தினாக் காணும் எண்டெல்லே சொன்னனான்?”

“ஓம்.”

“வீடியோவில காட்டேக்க எல்லாம் பச்சையா நிண்டதே?”

“நல்ல பக்கத்தைத் திருப்பி வைச்சுக் காட்டினனான்.”

“கள்ளி!” என்றான். அழுகிய இலைகளை அள்ளிக்கொண்டு போய் மதிலுக்கு வெளியே போட்டான். வீதியில் படுத்திருந்த மானொன்று எழுந்து வந்து, முகர்ந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. “பார், மானே வேண்டாம் எண்டுட்டுது!”

அவள் சிரிப்பாள் என்று திரும்பிப் பார்த்தான். அவள் வாசல்படியில் இருந்து வெறுஞ்சாடியொன்றை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் ஜது இவ்வளவு ஊத்தினனீ?” இப்போது குரல் வேறாக இருந்தது.

“நீங்கள் போனை வைச்சாப் பிறகு...” என்று தொடங்கினாள். சாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “வைச்சாப் பிறகு வீடு ஒரு மாதிரி இருக்கும். ரீவியைப் போட்டா அது தன்ர பாட்டுக்குக் கத்தும். ஒரு ஆளுக்குத் தேத்தண்ணி போட அடுப்பு மூட்ட மனம் வராது. அப்ப ஒரு கோப்பையில தண்ணி எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொண்டாக் கேப்பன்.”

“என்ன கேப்பாய்?”

“தண்ணி வேணுமோ எண்டு.”

“அது என்ன சொல்லும்?”

“ஒண்டும் சொல்லாது.” சாடியைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தாள். “வேண்டாம் எண்டும் சொல்லேல்லையே. ஊத்திப்போட்டு இருப்பன். அடுத்த நாளும் நீங்கள் எடுப்பீங்கள், வைப்பீங்கள். திரும்பவும் ஊத்துவன்.”

லோஜன் அவளுக்குப் பக்கத்தில் படியில் இருந்தான். கைகளில் அழுகல் மணம். எங்கே துடைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான். துறைமுகப் பக்கமிருந்து கப்பலொன்று நீளமாக ஊதியது. படகின் மேல்தளத்தில் நின்று, கடற்காற்றுக்குள் சத்தம் போட்டுக் கதைத்து, “சரி, வைக்கிறன்” என்று தான் சொல்லும் ஒவ்வொரு முறையும் இங்கே ஒரு கோப்பை நிறைந்திருக்கிறது. அவன் ஒருநாளும் அதை நினைத்துப் பார்த்ததில்லை.

“நான் நினைச்சன், உனக்குத் தனிய இருக்கிறது பழகிப்போச்செண்டு.”

“நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

உள்ளே மேசையில் போன் அடித்தது. இரண்டு பேருக்கும் யாரென்று தெரியும். லோஜன் கையை உதறிக்கொண்டு எழுந்து போய் அதை எடுத்து வந்தான். பெயர் திரையில் மின்னிக்கொண்டிருந்தது. அவன் பொத்தானை அழுத்தவில்லை.

“ஜது, என்ன சொல்ல?”

“உங்கட...”

பழகிய வாய் பாதிவரை போய்விட்டது. அவள் அதை அங்கேயே நிறுத்தினாள். மூச்சு இழுத்தது. பையில் இருக்கும், தொய்வுக்கு இழுக்கும் பம்ப் மருந்தைத் தேடவேண்டும்போல இருந்தது. தேடவில்லை. போன் அடித்து ஓய்ந்தது. உடனே திரும்பவும் அடிக்கத் தொடங்கியது. அவள் மடியிலிருந்த வெறுஞ்சாடியை நிலத்தில் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, போகாதேங்கோ. மேல்மாடி ஒண்டும் எனக்கு வேண்டாம். இஞ்சயே என்னோட நில்லுங்கோ.”