வெர்லின் கொடுக்காத படிவம்

அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தின் தெற்கே, சோயா வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்ன ஊர். அங்கே பல் டாக்டர் புரூயிட்டின் முன்மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் கிளெண்டா. அவள் புருஷன் வெர்லின் அந்த ஆண்டு முழுக்கச் சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். காலைச் சாப்பாட்டுக் கடையில் ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை காப்பாற்றுவான். பிறகு வீட்டுக்கு வந்து தூங்குவான்.

மாநிலத்தில் புதுச் சட்டம் வந்திருந்தது. விசையை அழுத்த அழுத்தத் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளை இனி விற்கக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வருஷக் கடைசிக்குள் கணினியில் பதிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜெயில். வெர்லினிடம் அப்படி ஒன்று இருந்தது. கட்டிலுக்கு அடியில், கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்குப் பக்கத்தில், கொடுங்கோலை எதிர்த்துப் பதினோரு வருஷமாகப் படுத்துக் கிடந்தது.

"உசுரே போனாலும் பதிய மாட்டேன்," என்றான் வெர்லின், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "இன்னிக்குப் பட்டியல் எழுதுவான். நாளைக்கு அந்தப் பட்டியலைத் தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து நிப்பான். சுடணும்னு நெனைக்கிறவன் எவனாவது போய்ப் பதிவானா? நம்மள மாதிரி ஒழுங்கா இருக்கிறவன்தானே மாட்டுவான்?"

அதில் ஒரு நியாயம் இருப்பதாகக் கிளெண்டாவுக்கும் பட்டது. அதை ஒப்புக்கொண்டால் பேச்சு மதியம்வரை போகும் என்பதால், "நீ அதால சுட்டது மொத்தம் ஒரே ஒரு தர்பூசணி. அதுவும் மூணாவது குண்டுலதான் செத்துச்சு," என்றாள்.

அந்த நேரம் மகள் கெல்சி கூப்பிட்டாள். இரண்டு மணி நேரத் தொலைவில் மழலையர் பள்ளி ஆசிரியை. கிளெண்டா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டாள்.

"நேத்து ஒத்திகைம்மா. துப்பாக்கிக்காரன் உள்ள வந்துட்டா என்ன செய்யணும்னு. பதினெட்டுப் பிள்ளைங்களையும் சத்தமில்லாம சாமான் அறைக்குள்ள உட்கார வச்சேன். ஒரு வாண்டு காதுல வந்து கேக்குது, 'டீச்சர், அந்த மாமாவுக்கு நம்ம மேல என்ன கோவம்?'னு."

வெர்லின் எழுந்து, ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருந்த நாய்க்கு மறுபடி சோறு வைக்கப் போனான்.

மறுவாரம் ஊர்க்கூட்டத்தில் அவன் இன்னும் சத்தமாகப் பேசினான். "இந்த மாவட்டத்துல ஒருத்தன்கூடப் பதியக் கூடாது!" கைதட்டலில் கூரை அதிர்ந்தது. பக்கத்தில் நின்ற ராய்ஸ் டல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ராய்ஸிடம் அப்படி நாலு துப்பாக்கி உண்டு.

கெல்சியின் குரல் கிளெண்டாவின் காதை விட்டுப் போகவில்லை. அந்தத் துப்பாக்கியை வீட்டைவிட்டு அனுப்ப அவளால் முடியாது. புருஷனைச் சிறைக்கு அனுப்பாமலாவது இருக்கலாம். டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, வெர்லின் கடையில் முழங்கிக்கொண்டிருந்த நேரம், கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்த் துப்பாக்கியின் எண்ணைக் குறித்துக்கொண்டாள். கணினியில் வெர்லினின் கணக்கைத் திறந்தாள்; கடவுச்சொல் நாயின் பெயர்தான், கேட்கவே வேண்டியதில்லை. பதினான்கு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

பதிவு ஏற்கப்பட்டது என்ற செய்தி நேராக வெர்லினின் போனுக்குப் போய்விட்டது. அதை அவள் யோசிக்கவில்லை. பத்து மணிக்கு வீட்டுக்கு வந்தவன் போனை மேசைமேல் வைத்தான்.

"நீயா?"

"ஆமா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் செய்தியை மறுபடி படித்தான். கிளெண்டா எதற்கும் தயாராக நின்றாள்.

"என் பேருல ரெண்டாவது எழுத்தைச் சரியாப் போட்டியா? எல்லாப் பயலும் தப்பாத்தான் எழுதுறான்."

"சரியாத்தான் போட்டேன்."

"நான் பதியலை. அது ஞாபகம் இருக்கட்டும்."

"நீ பதிஞ்சேன்னு யாரு சொன்னா?"

மூன்றாம் நாள் ராய்ஸ் டல் பல் ஆஸ்பத்திரிக்கு வந்தான். பத்து வருஷமாக அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். மேசைமேல் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"கிளெண்டா, வெர்லின் சொன்னான்... அந்தப் படிவம்... எனக்குக் கணினி சரியா வராது தாயே."

"வெர்லினா சொன்னான்?"

"நான் கேட்டேன்னு அவன்கிட்ட சொல்லிடாதே."

அந்த வாரம் இன்னும் ஏழு பேர் வந்தார்கள். எல்லோருக்கும் பல்வலி. எல்லோர் சட்டைப் பையிலும் துப்பாக்கி எண்ணும் கடவுச்சொல்லும் எழுதிய துண்டுக் காகிதம். அறை நிரம்பி வழிவதைக் கண்டு டாக்டர் புரூயிட் பூரித்துப்போனார். மீதித் துப்பாக்கிகளின் எண்களோடு மறுபடி வந்திருந்த ராய்ஸ் அவர் கண்ணில் பட்டான்.

"அடடா, ராய்ஸா! பத்து வருஷம் கழிச்சு நீயே தேடி வந்திருக்கியா? அப்ப வலி மோசமாத்தான் இருக்கும். உள்ள வாய்யா."

"இல்ல டாக்டர், இப்பப் பரவாயில்ல..."

"வலி விட்டுப்போச்சுன்னா இன்னும் ஆபத்து."

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பல் போகும். ராய்ஸ் உள்ளே போனான். கடைவாய்ப் பல் இரண்டு நிஜமாகவே சொத்தையாக இருந்தன.

அன்று சாயங்காலம் ஊர்க்கூட்டத்தில் அவன்தான் பேசுவதாக இருந்தது. வீங்கிய கன்னத்தோடு மேடையேறி, "ஒழுத்தழும் பழியக் கூழாழு!" என்றான். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கைதட்டல் நிற்கவே இல்லை. கிளெண்டா பின்வரிசையில் உட்கார்ந்து, தட்டுகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எட்டுப் பேருடைய கடவுச்சொல் அவளுக்குத் தெரியும்.