அடைத்த ஓட்டை

லாரியின் தண்ணீர் பம்பைக் குனிந்து பார்த்ததும் மெக்கானிக்குக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அடிப்பக்கம் பட்டாணி அளவில் ஓர் ஓட்டை உண்டு. உள்ளே தண்ணீரைத் தடுக்கும் சீல் தேய்ந்தால் அது வழியாகத் தண்ணீர் சொட்டும். பம்பு போகப்போகிறது என்று தெரிவிக்கவே வைத்த ஓட்டை. அதில் எந்தப் புண்ணியவானோ பசையை அப்பிக் கல்லாக இறுக விட்டிருந்தான். வெளியேற வழியில்லாத தண்ணீர், அச்சைத் தாங்கும் பேரிங்குக்குள் புகுந்து அதை அரித்துத் தின்றிருந்தது. பம்போடு சேர்ந்து சுற்றும் விசிறியைத் தொட்டால் விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

"யோவ் மாப்ளே, வாயில நல்லா வருது எனக்கு! மலை ஏறும்போது அந்த விசிறி பிச்சுக்கிட்டு ரேடியேட்டர்ல பாஞ்சிருந்தா? என் தங்கச்சியும்ல கூட உக்காந்து வந்திருக்கா!"

டிரைவர் தலையைத் தூக்கவில்லை. "ஷெட்டுல புதுசா தரை போட்டிருக்காரு ஓனர். இன்னும் ஒரு சொட்டு விழுந்தா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னாரு, மச்சான்."

"தரையாம் தரை! அவன் தரையும் உன் உசிரும் ஒண்ணா?"

மெக்கானிக் உளியை வைத்து ஓங்கி அடித்தான். பசை ஒரே கட்டியாகத் தெறித்து விழுந்தது. எடுத்துப் பார்த்தான். அதில் ஒரு விரல் அழுத்திய குழி, ரேகையோடு. ஒல்லி விரல். டிரைவரின் தடித்த விரல் அதில் பாதிகூட நுழையாது.

"நான்தாண்ணே அடைச்சேன்," என்றாள் தங்கை, கேபினிலிருந்து. "அவரு விரலு அந்தச் சந்துக்குள்ள போகல. இருக்குற வேலையும் போச்சுன்னா நாங்க எங்க போறது? நீயே சொல்லு."

மெக்கானிக்கால் கோபத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஓனரின் போன் வந்தது. டிரைவர் கையிலிருந்து பிடுங்கினான்.

"பம்பு மாத்தணும். நாளைக்குச் சாயங்காலம்தான் வண்டி."

"ஏன், சொட்டுதா?"

"சொட்டாததுதான்யா பிரச்சினையே!"

"எனக்கு லோடு போயாகணும். சாவிய வச்சுட்டுக் கெளம்பச் சொல்லு அவன. வேற டிரைவர் வந்துக்கிட்டிருக்கான்."

போன் கட்டானது. டிரைவர் பெருமூச்சு விட்டு, கேபினை நோக்கிக் கை நீட்டினான். "சாவியக் குடு. மானத்தோட குடுத்துட்டுப் போயிரலாம்."

தங்கை சாவியை உருவிக்கொண்டு இறங்கினாள். கணவனிடம் கொடுக்கவில்லை. பட்டறை வாசலில் கிடந்த பழைய டயர் மேல், தெருவைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"வர்றவனும் இதே பம்புலதானே போவான்? நீ கழட்டுண்ணே."

மெக்கானிக் ஸ்பானரை எடுத்தான். முதல் போல்ட் கிறீச்சிட்டுத் திரும்பியது. வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை, மூடிய கைக்குள்ளிருந்து சாவியின் முனை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.