நான்காவது மாடிச் சாரம்

நான்காவது மாடியை அம்மா தாண்டிவிட்டாள். கல்லூரியில் பதினோரு பேர் முட்டி மோதிப் பார்த்தும் ஒருவர்கூடத் தாண்டவில்லை. மூன்று நாளாக நண்டுவின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது இதுதான்.

நண்டு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். விளையாட்டு வடிவமைப்புப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. பாடத்துக்காகச் செய்து கொடுக்கும் விளையாட்டுகள் வேறு. இந்தக் கணினி விளையாட்டு அவள் ஆசைக்காக, ஓய்வு நேரத்தில், ஏழு மாதமாகக் கட்டியது. ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் சாரம் கட்டியிருக்கும். பெயின்டர் ஒருவர் பலகை பலகையாகத் தாவி ஏறி, நின்று சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டே போவார். மூன்று மாடிவரை ஆபத்தில்லை. நான்காவதில் சில பலகைகள் உளுத்தவை. அதில் கால் வைத்தால் சரியாக முக்கால் வினாடியில் உடையும். அதற்குள் அடுத்த பலகைக்குத் தாவிவிட வேண்டும். நல்ல பலகையாக இருந்தால் நின்று நிதானமாக வண்ணம் அடிக்க வேண்டும்; அடிக்காமல் ஓடினால் மாடி முடியாது. எது உளுத்தது என்று காட்ட, பலகையின் ஓரத்தில் மெல்லிய விரிசல் ஒன்று வரைந்திருந்தாள்.

கல்லூரியில் வெளியாட்கள் வந்து பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மாணவர்கள் சொந்த ஆர்வத்தில் செய்த விளையாட்டுகளுக்கு மொத்தமே ஆறு மேசை. அதில் ஒன்று நண்டுவுக்கு என்று முடிவாகியிருந்தது; பதினோரு பேர் சோதனை அதைக் கெடுத்தது.

"மேசைக்கு வர்றவங்க ரெண்டு நிமிஷம்தான் நிப்பாங்க. நாலு தடவை விழுந்தா நடையைக் கட்டிடுவாங்க," என்றார் ஆசிரியர். "திங்கக்கிழமை புதுசா பத்துப் பேர் வராங்க. அஞ்சு பேராவது நாலாவது மாடியைத் தாண்டணும். இல்லேன்னா மேசை அடுத்த ஆளுக்கு."

நண்டு முதலில் சந்தேகப்பட்டது கல்லூரி ஆய்வகத்தின் விசைப்பலகையை. பொத்தான்கள் கல் மாதிரி இருந்தன.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றான் அண்ணன். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை விட்டு வந்து அப்போதுதான் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"ஆடினது நான் இல்லையே!"

"அப்ப கூடம் கட்டினவ நீதானே?"

இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது அவள் கற்ற பாடம். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று கடவுளுக்கே தெரியாது. ஆய்வக விசைப்பலகையைக் கேட்டு வாங்கி வந்து வீட்டுக் கணினியில் செருகினாள். அம்மா இரண்டாவது முயற்சியில் தாண்டினாள். மறுநாள் வீட்டுக் கணினியையே ஆய்வகத்துக்குத் தூக்கிப்போய்ப் பக்கத்து வகுப்பிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டு ஆடவிட்டாள். நால்வரும் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். விரிசலை இரண்டு மடங்கு தடிப்பாக்கினாள். அப்போதும் விழுந்தார்கள். அவர்கள் கண் தூரிகையின் மேல் இருந்தது. காலுக்குக் கீழே யார் பார்க்கிறார்கள்?

ஆக, இயந்திரத்தில் கோளாறில்லை. விளையாட்டும் ஒன்றேதான். மிச்சம் ஆடுகிற ஆள். ஆனால் அங்கேதான் கணக்கு தலைகீழாக நின்றது. கல்லூரியில் ஆடியவர்கள் விளையாட்டுகளைக் கரைத்துக் குடித்தவர்கள். அம்மாவோ ஆயத்த ஆடை ஆலையில் நாள் முழுதும் சட்டைக் காலர் தைப்பவள். இதற்கு முன் அவள் கணினியில் தொட்டது மின்சாரக் கட்டணப் பக்கம் ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவை மறுபடி உட்கார வைத்தாள். அம்மா கட்டிலில், நண்டு பக்கத்தில். பாதியில் அழைப்பு மணி அடித்தது. மேல் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் பற்றி ஏதோ கேட்டு வாசலிலேயே பத்து நிமிடம் பிடித்துக்கொண்டார். திரும்பி வந்தால், பெயின்டர் தலைகுப்புற விழுந்துகொண்டிருந்தார்.

"எத்தனாவது தடவைம்மா?"

"ஆறோ ஏழோ. நீ எங்கடி போய்த் தொலைஞ்ச?"

"நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"நீ இருந்தாத்தானே பலகை உடையப் போறது தெரியும்."

நண்டுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் வாயே திறக்கலையே! சோதனை பண்றப்ப ஒரு வார்த்தை பேசக் கூடாதுங்கிறதுதான் எங்களுக்கு மொதப் பாடமே!"

"வாயைத் திறக்கல. மூச்சை இழுப்ப. ஸ்ஸுன்னு. அது கேட்டதும் நான் தாவிடுவேன்."

அடுத்த அறையிலிருந்து அண்ணன் எட்டிப் பார்த்தான். "எனக்கும் அதான். நான் ஆடினப்பவும் அதைக் கேட்டுத்தான் தாவினேன்."

"அடப்பாவி, ஏன்டா இத்தனை நாளா சொல்லல?"

"விளையாட்டுல அதுவும் ஒரு வசதின்னு நெனச்சேன்."

நண்டு கணக்குப் போட்டுப் பார்த்தாள். எந்தப் பலகை உளுத்தது என்பது அவளுக்குத்தான் மனப்பாடம். பெயின்டரின் கால் அங்கே பட்டதும் அவளை அறியாமல் மூச்சு உள்ளே போயிருக்கிறது. ஆய்வகத்தில் அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆடியவர்கள் காதில் ஹெட்போன். ஏழு மாதமாகத் தன் விளையாட்டின் ஒரு பாகத்தைத் தன் மூக்கிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாள்.

வெட்கப்பட நேரமில்லை. கைப்பேசியைத் திரைக்கும் தனக்கும் நடுவில் நிறுத்தி, அம்மா ஆடுவதைப் பதிவு செய்தாள். பிறகு காட்சியை மெதுவாக ஓட்டி அளந்தாள். பலகையில் கால் பட்டுக் கால் வினாடியில் மூச்சுச் சத்தம் வருகிறது. முக்கால் வினாடியில் பலகை உடைகிறது. நடுவில் இருப்பது அரை வினாடி. ஒரு சத்தம் காதில் விழுந்து விரல் பொத்தானை அழுத்த அதில் பாதி போதும். அம்மா தாண்டியதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

மூச்சு வந்த அதே நொடியில், மரம் கிறீச்சிடும் சத்தம் ஒன்றை வைத்தாள். அண்ணனை ஆடச் சொல்லிவிட்டுத் தான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"செத்தேன்!" என்று கதவுக்கு வெளியிலிருந்து அண்ணன் குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி, "செத்தேன்!"

"கிறீச்சுன்னு கேக்கலையா?"

"எல்லாப் பலகையும்தான் கிறீச்சுங்குது!"

உண்மைதான். சாரம் சாரமாகத் தோன்ற வேண்டும் என்பதற்காக முதல் மாடியிலிருந்தே அவள்தான் அந்தச் சத்தத்தை வாரி இறைத்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் புதுக் கிறீச்சு எடுபடாது. விளையாட்டில் வேறெங்கும் கேட்காத சத்தமாக இருக்க வேண்டும். அது எது என்று தேடிப் போகவும் வேண்டியதில்லை.

பெயின்டர் ஆண் என்பதால் அண்ணனைப் பிடித்து உட்கார வைத்து மூச்சிழுக்கச் சொன்னாள். முதல் பதிவு சுடுதேநீர் உறிஞ்சுவது போல இருந்தது. இரண்டாவது சளி பிடித்தவர் போல. மூன்றாவதில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்து எல்லாம் கெட்டது. ஆறாவதுதான் தேறியது.

"எனக்கு எவ்வளவு சம்பளம்?" என்றான்.

"ஒரு மூச்சுக்கா? ஆட்டம் முடியறப்ப திரையில உன் பேரு வரும், போ."

காதில் வாங்காதவர்களுக்காக, மூச்சோடு சேர்த்துப் பெயின்டரின் தோளையும் சற்றே உயர்த்தினாள். அம்மாவை ஆடச் சொல்லிவிட்டு மறுபடி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாவது முயற்சியில் அம்மா தாண்டினாள்.

திங்கட்கிழமை பத்துப் பேரும் ஆடி முடிக்கும்வரை நண்டு ஆய்வகத்துக்குள்ளேயே போகவில்லை, வராந்தாவில் நின்றிருந்தாள். ஆசிரியர் தாளோடு வெளியே வந்தார்.

"எட்டுப் பேர் தாண்டிட்டாங்க. மேசை உனக்குத்தான். எதைம்மா மாத்தின? உளுத்த பலகையைக் கொறைச்சிட்டியா?"

"இல்ல சார், பலகை அப்படியேதான் இருக்கு. உடையறதுக்கு அரை வினாடி முன்னாடி பெயின்டர் மூச்சை உள்ளே இழுக்கிறார், தோள் கொஞ்சம் மேல போகுது. அதை மட்டும் சேர்த்தேன்."