இரவல் துடிப்பு

நவம்பர்ல ஒரு புதன்கிழமை. பந்தயப் பயிற்சியில, ஓட்ட முடியாத கால்வாய்க்கரை மேட்டுல சைக்கிளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடுறப்போதான் முதல் தடவையா அது நடந்துச்சு. நெஞ்சுக்குள்ள ஒரு மீன் துள்ளிப் புரண்ட மாதிரி. நேலா மணிக்கட்டுல இருந்த வாட்ச்சைப் பாத்தா. துடிப்பு 234. நின்னா, உக்காந்தா, ஈரப் புல்லுலயே படுத்தா. எறங்கவே இல்ல. கால் மணி நேரம் கழிச்சு, யாரோ சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுன்னு 110க்கு வந்துச்சு.

கோச் பாவோவோட கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்கு போறதுக்குள்ள அவ அழிச்சிட்டா.

சொல்லியிருக்கலாம். ஆனா தீஸ் ஞாபகம் வந்துச்சு. அதே கிளப் பையன். ரெண்டு வருசம் முன்னாடி அவன் இதயத்துல என்னவோ இருக்குன்னு டாக்டர் சொன்னாரு. ஒரே காலையில பந்தய லைசென்ஸ் போச்சு. இப்போ பந்தயத்துக்குப் பந்தயம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு உருளைக்கிழங்கு வறுவல் தின்னுட்டு இருக்கான். எல்லாரும் தோள்ல தட்டுறாங்க, ஒருத்தரும் பேசறதில்ல. நேலாவுக்குப் பதினேழு வயசுதான். போன வருசம் பெல்ஜியம் ஜூனியர் சாம்பியன். ஊர் கஃபே சுவர் முழுக்க அவ மூஞ்சி. ரசிகர் சங்கத்துல நூத்தி நாப்பது பேரு, ஒரே கலர் குல்லா. பன்னெண்டு வயசுலேர்ந்து சேத்துலயும் மணல்லயும் ஓட்டறதைத் தவிர அவளுக்கு வேற என்ன தெரியும்?

அதனால துடிப்பை எண்ணி வாட்ச்சுக்கு அனுப்பற, நெஞ்சுல கட்டற பட்டையை அண்ணன் வானஸ்கிட்ட நீட்டினா.

"டேய், என்கூட ஓட்டறப்ப இதை நீ கட்டிக்கோ. எனக்குத் தோல் உரியுது."

"உன் நாத்தம் புடிச்ச பட்டைய நான் கட்டணுமா? மயோனைஸ் போட்டுப் பெரிய பொட்டலம் வறுவல் வாங்கித் தருவியா?"

"தரேன்டா. யார்கிட்டயும் உளறிடாத."

வானஸ் ஏதோ தோல் வியாதின்னு நெனச்சுக்கிட்டான். எருமை மாதிரி நிதானமான இதயம் அவனுக்கு. அந்தக் கணக்கைப் பாத்து பாவோவுக்குத் தலைகால் புரியல. "இப்படி ஒரு இதயத்த என் சர்வீஸ்ல பாத்ததில்ல பொண்ணே! இன்னும் தாங்கும்"னு பயிற்சியைக் கூட்டிட்டாரு. மணல்ல பத்து தடவை ஓடினவ பதினஞ்சு தடவை ஓடினா. மீன் இன்னும் மூணு தடவை துள்ளிச்சு. இப்போ உண்மையைச் சொன்னா வியாதிக்காரி மட்டும் இல்ல, திருடியும்தான்.

ஜனவரில சாம்பியன் பந்தயம், கடற்கரை மணல்மேட்டுல. ரெண்டு பஸ் நிறைய ஊரே வந்திருந்துச்சு. வண்டிக்குப் பக்கத்துல அப்பா ரீக் குனிஞ்சு டயரைக் கட்டைவிரலால அமுக்கிட்டிருந்தாரு. அந்த விரல் ஒண்ணு சொன்னா காத்து மீட்டர் வாயை மூடிக்கும். ஊர்ல அத்தன மெக்கானிக்கும் ஒத்துக்கிட்ட சங்கதி அது.

"ஒண்ணு புள்ளி ரெண்டு. மணலுக்கு ஜாஸ்தி." வால்வைத் தொட்டாரு. உஸ்ஸுன்னு கொஞ்சம் காத்து போச்சு. மறுபடி அமுக்கினாரு. "இப்போ சரி."

"அப்பா..."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல."

"பயமா? பயந்த குதிரைதான் முதல்ல ஓடும். போ!"

அன்னிக்குப் பட்டை அவ நெஞ்சுலதான். பந்தயத்துல அண்ணனைக் கூட்டிட்டு ஓட முடியாதே.

ரெண்டாவது சுத்துலயே முன்னாடி வந்துட்டா. மூணாவது சுத்துல பெரிய மணல்மேடு. சைக்கிளைத் தூக்கித் தோள்ல போட்டு நாலு எட்டு வெச்சா. மீன் துள்ளிச்சு. ரெண்டு பக்கமும் பியர் கோப்பையோட கத்தறாங்க, "ஓடுடீ நேலா! விடாத!" சத்தமெல்லாம் கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேக்குது. கண்ணு ஓரம் இருட்டிட்டு வருது. எப்படியோ மேட்டைத் தாண்டிட்டா.

கீழே சைக்கிள் மாத்தற எடம். அப்பா கழுவித் தொடைச்ச சைக்கிளோட ஓடத் தயாரா நிக்கிறாரு. அரைச் சுத்துக்கு ஒரு தடவை அப்பாவும் பொண்ணும் சந்திக்கிறது அங்கதான், மூணே செகண்ட்.

"இருவது செகண்ட் முன்னாடி இருக்க! புடி! புடிடீ!"

சேத்துச் சைக்கிளை விட்டுட்டா. புதுசைத் தொட கை போகல. பேச மூச்சு இல்ல. அப்பாவோட வலது கட்டைவிரலைப் புடிச்சுத் தாடைக்குக் கீழே, கழுத்துல வெச்சு அமுக்கினா.

"என்ன, அடிபட்டுச்சா? காட்டு—" விரலுக்குக் கீழே துடிப்பு எண்ண முடியாத வேகத்துல அடிச்சுது. கையிலேர்ந்த சைக்கிள் சரிஞ்சு விழுந்துச்சு.

வேலிப் பக்கமிருந்து ஒருத்தன் கத்தினான், "ஏய் ரீக்! அங்க என்ன பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சா? ஏத்தி விடுய்யா!" எல்லாரும் சிரிச்சாங்க.

"எத்தன நாளா?" அப்பா கேட்டாரு.

"நவம்பர்லேர்ந்து."

"பாவோ அப்படிப் புகழ்ந்தானே..."

"அது வானஸோட துடிப்புப்பா."

ரெண்டாவதா வந்தவ தாண்டிப் போனா. மூணாவது வந்தவளும் போனா. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமா நின்னுச்சு. அப்பா டாக்டரைக் கூப்பிட்டுக் கத்தினாரு. ஆம்புலன்ஸ் மணல்ல வராது, ஆளுங்க மேட்டைச் சுத்தி ஓடித்தான் வரணும். முட்டி மடங்கி உக்காந்தவளை அப்பா நெஞ்சோட சாய்ச்சுக்கிட்டாரு. விரலை மட்டும் எடுக்கல. டயர்னா வால்வைத் தொட்டாப் போதும், வேண்டிய அளவு எறக்கிடுவாரு. இதுல அவர் எங்க தொடுவாரு? அமுக்கறாரு, எடுக்கறாரு, மறுபடி அமுக்கறாரு.

"குறையுதாப்பா?"

"குறையுதும்மா. குறையுது. நீ பேசாத."

நேலா மெதுவா மணிக்கட்டைத் திருப்பி, வாட்ச் மேல இருந்த சேத்தை வழிச்சா.

239.