சேர்மன் வீட்டு மாடி வெயில்

இலுப்பைக்குளம் பேரூராட்சி வெயிலுக்குத் தடை போட்ட மறுநாள் காலை எட்டு மணிக்கு, வெயில் ஊரெல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டது. மாலை நாலு மணிக்குத்தான் திரும்பி வந்தது. பக்கத்துப் பாறைமடம் பேரூராட்சி காலநிலை அவசரம் என்று அறிவித்து, வீட்டுக்கு வீடு மழைநீர்க் குழி தோண்டச் சொல்லியிருந்தது. அவர்களுக்கு ஒரு படி மேலே போக வேண்டுமே என்று இலுப்பைக்குளத்தார் வெயிலையே தடுத்துவிட்டார்கள். பாறைமடத்து வானமும் சும்மா இருக்கவில்லை. குழி தோண்டிய வீடுகள்மேல் மட்டும், குழி நிரம்பும்வரை என்று மழை பெய்யத் தொடங்கியது. அந்த மண்ணில் எந்தக் குழியும் நிரம்பாததால் பகல் முழுக்கப் பெய்தது. ஒரே தெருவின் இந்தப் பக்கம் நிழல், அந்தப் பக்கம் மழை. இரண்டு ஊர் விதிகளையும் ஒப்பிட்டுப் பட்டியல் தரும்படி மேலிடம் கேட்க, எழுத்தர் குமாரதாஸ் ஒரு கையில் குடையும் மறு கையில் பேனாவுமாகத் தெரு நடுவில் நாற்காலி போட்டு எழுதினார்.

இப்படியே இரண்டு மாதம் ஓடியபின் இதில் மாட்டிக்கொண்டவள் இலுப்பைக்குளத்துச் சண்முகவடிவு. கொட்டாரம்வரை பேர்போன பப்படக்காரி. மகள் நந்தனாவுக்கு நாலாம் நாள் கல்யாணம். பப்படக்காரி மகள் கல்யாணத்தில் கடைப் பப்படம் விழுந்தால் சம்பந்தி வீடு ஏழு தலைமுறைக்குச் சிரிக்கும். பரத்திய இரண்டாயிரம் பப்படமும் நிழலில் வாடிக் கிடந்தன. ஈரப் பப்படத்தை ஆட்டோவில் ஏற்றினால் வெயிலிருக்கும் கொட்டாரம் சேர்வதற்குள் எல்லாம் ஒட்டி ஒரே பப்படமாகிவிடும். சுமந்துபோகும் தூரத்தில் வெயில் இருந்தது ஒரே ஒரு இடத்தில்: குழி விதியைக் கொண்டுவந்த பாறைமடத்துச் சேர்மன் தேவகுமாரின் மொட்டைமாடியில். ஊருக்கெல்லாம் உத்தரவு போட்ட மனிதர் தன் வீட்டில் குழி தோண்டவே இல்லை. அது வெளியே தெரியாமலிருக்க, தினமும் மாடியில் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றி ஒழுக விட்டுக்கொண்டிருந்தார்.

சண்முகவடிவு தலையில் பாயோடு போய் நின்று, மாடி மூன்று நாளைக்கு வேண்டும் என்றாள்.

“அங்கயும் மழைதான் பிள்ளே, ஒழுகுது பாத்தியா?” என்றார் தேவகுமார்.

“ஒழுகுது மழையில்ல அண்ணாச்சி, ஒம்ம குடம். ரெண்டு மாசமா எங்க மாடியில நின்னு பாத்துக்கிட்டுல்லா இருக்கேன். குடத்தக் கீழ வச்சிட்டு இந்தப் பாயில ஒரு முனையப் பிடியும். நான் யார்ட்டயும் சொல்லமாட்டேன்.”

அவர் பிடித்தார். அவள் யாரிடமும் சொல்லவுமில்லை. ஆனால் இரண்டாயிரம் பப்படம் மாடியில் மின்னியது அஞ்சுகிராமத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு மாத வெயில் அந்த ஒரே மாடியில் தேங்கியிருந்ததால், பந்தியில் பப்படம் பொங்கிய பொங்கலில் எதிர் வரிசை மறைந்துபோனது. நந்தனா மாப்பிள்ளையைக் கண்டுபிடிக்க நாலு பப்படத்தை உடைக்க வேண்டியிருந்தது. சம்பந்தி வீட்டார் ஐந்தாவதும் கேட்டார்கள்.

வெட்கம் தாங்காத தேவகுமார் மறுவாரமே மண்வெட்டி எடுத்தார். அதற்குள் அதே மாடியில் காயப்போடத் தொடங்கியிருந்த வற்றல்காரர்களும் கருவாட்டுக்காரர்களும், பாயை உலர்த்த வந்தவர்களும் ஓடிப்போய் அதைப் பிடுங்கினார்கள். இரண்டு பேரூராட்சியும் முதல்தடவையாகக் கூடி உட்கார்ந்து, சேர்மன் வீட்டில் மட்டும் குழி தோண்டக் கூடாது என்று தீர்மானம் போட்டன. செவ்வாய் வற்றலுக்கு, வெள்ளி பப்படத்துக்கு. குமாரதாஸ் அதையும் பட்டியலில் சேர்த்து, எதிரே ‘இரு ஊர்களுக்கும் வேறுபாடு இல்லை’ என்று எழுதிக் குடையை மடக்கினார்.