எழுவாய் இல்லாத ஒரு வரி

1

இந்தக் கதை எனக்குப் பேருந்து நிறுத்தத்தில் கிடைத்தது, கண்ணுகளா. நிழற்குடைக் கண்ணாடியில் ஒரு பெண் தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரியில் இதழியல் படிக்கிறவள். வாரா வாரம் தெருச் செய்திகளைக் கையால் எழுதி அங்கே ஒட்டுவாள். அந்தத் தெருத் தையல்காரர் அவளுக்கு வைத்த பெயர், நிருபரம்மா. அந்த வாரச் செய்தி: ஆறு மணிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானம் பொன்னாய்ச் சிவந்த அந்த இனிய மாலையில்—’

வேண்டாம். பேருந்து இல்லாதவர்களுக்கு மாலையில் என்ன இனிமை?

2

அவள் அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி வீங்கிய மணிக்கட்டோடு இப்போது நடந்தே வீடு வருகிறாள்.

(இந்த இடத்தில் அம்மாவை அழவைக்கப் பார்த்தேன். அவளோ செருப்பைக் கழற்றிக்கொண்டே, “நிருபரம்மா, உங்க பேப்பர்ல பஸ் வந்துடுச்சு. ரோட்டுல எப்ப வரும்?” என்கிறாள். இவளை எப்படி அழவைப்பது?)

3

பெரிய பத்திரிகையில் பயிற்சி நிருபர் ஆவது மகளின் நெடுநாள் கனவு. இந்தச் செய்தியைத்தான் மாதிரிக்குக் கொடுத்தாள்.* செய்தி ஆசிரியரின் பேனா கடைசி வரியில் நின்றது: ‘நாம் ஆறு மணிப் பேருந்துக்காகக் காத்திருக்கிறோம்.’

“யாரும்மா இந்த நாம்?”

“எங்க தெரு சார்.”

“அப்ப ‘நாங்கள்’தானே? ‘நாம்’னா நானும் சேர்ந்துட்டேனே! நான் கார்ல போறவன்மா.”

“தெரியாம வந்துடுச்சு சார்.”

“‘நாங்கள்’னும் வேணாம். அப்புறம் நீ நிருபர் இல்ல, மனு குடுக்க வந்தவ. ‘அவர்கள்’னு மாத்திக் குடு. இடம் உனக்குத்தான்.”

*அந்த அறைக்குள் நான் போனதில்லை. அவள் சொன்னதையும் நான் சேர்த்ததையும் இனிப் பிரிக்க முடியாது.

4

‘அவர்கள்’ என்றால் பெற்றவளே அயலாள் ஆகிவிடுவாள். மாட்டேன் என்றால் இடம் போய்விடும். நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் மாற்றிக் கொடுத்தாள். இன்னொன்றில் தாளைக் கிழித்துவிட்டு விறுவிறுவென்று... (எனக்கே நம்பிக்கை வரவில்லை.)

அவள் செய்தது என் மண்டைக்கு எட்டாதது. ஒரே ஒரு சொல்லை அடித்துவிட்டுத் தாளை நீட்டினாள்: ‘ஆறு மணிப் பேருந்துக்காகக் காத்திருக்கிறோம்.’

எழுவாயே இல்லை! நாமா, நாங்களா? படிக்கிறவர் உள்ளேயா, வெளியேயா? வினைச்சொல் மூச்சுவிடவில்லை. இத்தனை காலம் இந்த மொழியில் கதை சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு கதவு திறந்தே கிடந்தது என் கண்ணில் பட்டதில்லை. சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

5

ஆசிரியர் வாய்விட்டுப் படித்தார். “...காத்திருக்கிறோம்.” சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய் என்பது அவருக்கு உறைத்தது.

[அவர் சிரித்து—]

[அவர் தாளைத் திருப்பி—]

இரண்டையும் அடித்துவிட்டேன். மேசைக்கு எதிரே அவள் நிற்கிறாள். அம்மா நடந்து வந்துகொண்டிருக்கிறாள். அவர் என்ன சொன்னார் என்பதை உங்களிடமே விடுகிறேன். அதற்கு முன், அந்த வரியை நீங்களும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

படித்தாயிற்றா? அப்படியானால் கொஞ்சம் நகர்ந்து நில்லுங்கள், கண்ணுகளா. நிழற்குடை சின்னது. யார் கண்டது, ஆசிரியரும் வரலாம்.